துணிப்பையை யார் துவைக்கிறார்கள்?

நீடித்த நுகர்வு குறித்த ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுற்றுச்சூழல்மீது அக்கறை அதிகம். பாராட்டுப்போல ஒலிக்கும் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எச்சரிக்கை உணர்வுதான் எழுகிறது. பெண்ணைப் புகழ்ந்துவிட்டு வேலையை அவள் கையில் கொடுப்பது நமக்குப் புதிதா என்ன?

1992 ரியோ மாநாட்டின் 'நிகழ்ச்சி நிரல் 21' நுகர்வு முறைகளை மாற்றுவதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியது. அதன்பின் பெருகிய ஆய்வுகளில் பெரும்பகுதி தனிமனித மனத்தையே துருவியது. ஐசெக் அய்சன் 1991இல் விளக்கிய 'திட்டமிட்ட நடத்தை'க் கோட்பாடு அதற்குக் கைகொடுத்தது. அக்கறை உண்டு என்று கேள்வித்தாளில் எழுதுபவர்கள் கடையில் ஏன் வேறு பொருளை வாங்குகிறார்கள் என்பதே அவர்களுடைய தீராத புதிர். எலிசபெத் ஷோவ் 2010இல் இந்தப் போக்கைச் சாடினார். குளிப்பது, துவைப்பது போன்ற அன்றாட வழக்கங்கள் எப்படி உருவாகின்றன என்று பார்க்கச் சொன்னார். நல்ல திருப்பம். ஆனால் அந்த வழியில் வந்த கட்டுரைகள் பலவற்றிலும் துவைத்தல் இருக்கிறது, துவைப்பவள் இல்லை. 'குடும்பம்' குப்பையைத் தரம் பிரிக்கிறது. 'குடும்பம்' தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. குடும்பத்துக்கு ஏது கை? அமெரிக்க வீடுகளுக்குள் இயந்திரங்கள் வந்தபோது ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகள் மறைந்தன, தாயின் வேலை மட்டும் குறையவில்லை என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இலேயே எழுதிவிட்டார்.

2016இல் நுகர்வோர் ஆய்வு இதழொன்றில் வந்து பரவலாகப் பேசப்பட்ட கட்டுரை ஒன்று பாலினத்தை நேரடியாக எடுத்துக்கொண்டது. கடைக்குத் துணிப்பை கொண்டுபோகிறவரைப் பெண்தன்மை மிக்கவராக மற்றவர்கள் மதிப்பிடுகிறார்கள். இந்தப் படிமத்துக்கு அஞ்சி ஆண்கள் பசுமைப் பொருள்களிடமிருந்து விலகுகிறார்கள் என்பது அதன் வாதம். கண்டுபிடிப்பில் எனக்குச் சண்டையில்லை. அது காட்டும் வழிதான் இடிக்கிறது: ஆண்மையை உறுதிப்படுத்தினால், பொருளின் அடையாளத்தை ஆண்மைமிக்கதாக மாற்றினால், ஆண்கள் வாங்குவார்களாம். பெண்தன்மை ஏன் இழிவாகிறது என்ற கேள்வி சந்தைப்படுத்தும் உத்தியில் கரைந்துபோகிறது.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் அமெரிக்கர்களும் சீனர்களும். நம் ஊர்த் துணிப்பையின் கதை வேறு. மஞ்சப்பையைத் தூக்கிவந்த ஆணை நம் நகரங்கள் பெண் என்று கேலி செய்யவில்லை, பட்டிக்காட்டான் என்று கேலி செய்தன. இங்கே அந்தப் பையில் ஒட்டியிருந்த இழிவு வர்க்கம் சார்ந்தது, கிராமம் சார்ந்தது. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது அந்தக் கேலியைத் துடைக்கத்தான் முதலில் பாடுபட வேண்டியிருந்தது. அளவுகோலை அப்படியே இறக்குமதி செய்து இங்கே ஆய்வேடு எழுதும் மாணவிகள் இந்த வித்தியாசத்தைக் கைநழுவ விடக்கூடாது.

இன்னொன்றும் கேட்கலாம். மாதவிடாய்க்கு நாப்கினை விட்டுத் துணிக்கு மாறுவீர்களா என்று கேட்டு, 'ஆம்', 'இல்லை' என்று கட்டம் போட்டால் போதுமா? அதை அலசத் தண்ணீர் எங்கிருந்து வரும், ஒற்றை அறை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் எங்கே காயப்போடுவாள், அதற்கு நாளில் எத்தனை நிமிடம் போகும்? இந்த மூன்றுக்கும் கேள்வித்தாளில் இடம் ஒதுக்கிவிட்டு, அதன்பிறகு அவளுடைய 'மனப்பான்மை'யை அளக்கட்டும்.