இசையிற் செய்முறைவழி ஆராய்ச்சி

வீணையிலோ வாய்ப்பாட்டிலோ வல்லாரொருவர், தம் கலைச்செய்கையையே ஆராய்ச்சியின் வழியாகக் கொண்டு கலாநிதிப் பட்டத்திற்கு உரியராதல் கூடுமோ என்பது இக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் எழுந்துள்ள வினாக்களுள் ஒன்று. மேனாட்டார் பலர் கூடும் என விடையிறுத்துவிட்டனர். அமெரிக்காவின் ஈஸ்மன் இசைக்கல்லூரி முதலியன 1950களிலேயே வாசிப்போர்க்கெனத் தனியொரு கலாநிதிப் பட்டத்தை வகுத்தன. பின்லாந்து நாட்டுச் சிபேலியசு இசைக்கழகத்திற் கலைவழிக் கலாநிதிப் பட்டம் வேண்டுவோர் ஐந்து அரங்குகளில் வாசித்துக் காட்டுவதோடு எழுத்தாய்வொன்றும் அளித்தல் வேண்டும். இங்கிலாந்திலும் இம்முறை பரவிற்று. பரவிய பின்னர், 2015 ஆம் ஆண்டிலே ஜோன் குரொப்ற் என்னும் இசையமைப்பாளர் ‘தெம்போ’ என்னும் இசைச் சஞ்சிகையில் இதனை மறுத்து எழுதினார். உலகில் உள்ளதை அறிந்து கூறுவது ஆராய்ச்சி. உலகிற்குப் புதியதொன்றைச் சேர்ப்பது இசையாக்கம். ஒன்றை மற்றொன்றன் பெயரால் அழைத்தல் தகாது என்பது அவர் கருத்தின் சாரம். அடுத்த ஆண்டில், பியானோ வாசிப்பவரும் ஆராய்ச்சியாளருமான இயன் பேஸ் அதே சஞ்சிகையில் இதற்கு மறுப்பு எழுதினார். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இதனை அயலார் வழக்கெனக் கருதி யாம் ஒதுக்குதற்கில்லை. இராமநாதன் நுண்கலைக்கழகமாய் விளங்கி இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக நிற்கும் அமைப்பும், மட்டக்களப்பிற் சுவாமி விபுலானந்தர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகமும் நம் பிள்ளைகள் பலரை இசைப் பட்டதாரிகளாக்கி வருகின்றன. அவருள் மேற்படிப்பை நாடுவோர் எவ்வகைப் பொருளைத் தேர்கின்றனர் என்று நோக்குமிடத்து, சாகித்தியகர்த்தா ஒருவரின் வரலாறு, ஓரூரின் இசை வளர்ச்சி, ஒரு நூலின் இசைக்குறிப்புக்கள் என்பனவே பெரிதும் காணப்படும். இவை வேண்டாதன அல்ல. ஆயின், இவற்றைச் செய்தற்குப் பாடத் தெரிந்திருத்தல் வேண்டுவதில்லை. பதினைந்து ஆண்டு சாதகத்தாற் பெற்ற செவியும் கையும் ஆராய்ச்சிக் காலம் முழுவதும் வேலையின்றிக் கிடக்க, அடிக்குறிப்பு எழுதும் விரல்கள் மாத்திரம் உழைக்கின்றன. ஆராய்ச்சி முடியும்போது சாதகமும் முடிந்துபோதலை யாம் கண்டிருக்கின்றோம். ஆதலாற் செய்முறைவழி ஆராய்ச்சி என்பது யாது, அது எதனை அறியவல்லது, எதனை அறியமாட்டாது என ஆராய்தல் நமக்கு இன்றியமையாதது. இதற்கு உரைகல்லாக நம்மவர் நூலொன்றையே எடுத்துக்கொள்வோம்.

காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளாரின் யாழ் நூல் 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியும் தமிழ்ப் பேராசிரியருமாகிய அவர், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் கணிதக் கண்கொண்டு நோக்கி, நரம்புகளின் அலகுகளை வரையறுத்து, பாலைகளும் பண்களும் பிறக்குமாற்றை நிறுவினார். அவர் ஆராய்ச்சியைத் தழுவி யாழ்களும் செய்யப்பட்டன. அரங்கேற்றத்தில் அவை சபையோர் முன் கொண்டுவரப்பட்டு இசைக்கவும் பட்டன. வழக்கொழிந்த கருவியின் ஒலியை மீண்டுங் கேட்டோர் அடைந்த வியப்பு எத்துணைத்தாயிருக்கும்! இதுபற்றியே யாழ் நூலைச் செய்முறைவழி ஆராய்ச்சியின் முன்மாதிரியாகக் கொள்ளல் வேண்டும் என்று கூறத் தோன்றும்.

எம் கருத்து அதுவன்று. யாழ் நூலின் வலிமை அதன் வாசிப்பிலும் கணக்கிலும் உள்ளது. கருவி கணக்கிற்குப் பின் வந்தது. கணக்கின்படி அமைந்த கருவி கணக்கையே ஒலிக்கும். கணக்குப் பிழையாயின் அப்பிழையையும் அதே இனிமையோடு ஒலிக்கும். அதனைக் கேட்டு மகிழலாம். அதனாற் கொள்கையை நிறுவலாகாது. இது அடிகளாருக்குக் குறைவு கூறுவதாகாது. அவர் கலாநிதிப் பட்டத்திற்கு எழுதினாரல்லர்; கருவியைச் சான்றாகக் காட்டியன்றி நூலைச் சான்றாகக் காட்டியே வாதிட்டார். கருவியைச் சான்றாக்குவது பின்வந்த நம் ஆர்வமேயாம்.

இக்கூற்றுக்கு வலுவான சான்று அவர்க்கு முன்னரே உண்டு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர், பெரும்பாலார் ஒப்பிய இருபத்திரண்டு சுருதிக் கொள்கையை மறுத்து, தானம் ஒன்றிற்குச் சுருதி 24 என்றார். 1916 இற் பரோடாவிற் கூடிய அகில இந்திய சங்கீத மகாநாட்டிலே தம் புதல்வியரைக்கொண்டு அதனைச் செய்துங் காட்டினார். 1917 இல் வெளிவந்த கருணாமிர்த சாகரம் அக்கொள்கையின் பெருநூல். பண்டிதர் 24 என்று கூறிச் செய்து காட்டினார். அடிகளார் 22 என்று கூறினார், அதற்கும் கருவி அமைந்தது. இரண்டுஞ் செவிக்கு இசைவாகவே இருந்தன. செய்து காட்டலே நிரூபணமாயின் இருவர் கூற்றும் மெய்யாதல் வேண்டும்.

செம்பாலை பற்றிய பிணக்கு இன்னும் தெளிவானது. பண்டிதர் அதனைச் சங்கராபரணம் எனவும், அடிகளார் அரிகாம்போதி எனவும் கொண்டனர். வீணை பயில்வோர் எவரும் இதனைத் தாமே சோதிக்கலாம். அரிகாம்போதியின் ரிஷபத்தை ஆதாரமாக்கினால் நடபைரவியும், மத்திமத்தால் சங்கராபரணமும், பஞ்சமத்தால் கரகரப்பிரியாவும், தைவதத்தால் தோடியும், நிஷாதத்தால் கல்யாணியும் தோன்றும். காந்தாரத்தால் தோன்றுவது பஞ்சமம் இழந்து நிற்கும். சங்கராபரணத்திலிருந்து தொடங்கினும் இவ்வேழுமே வரும். வரிசையில் நிற்கும் இடம் மாத்திரம் மாறும். ஆகவே எத்துணை வல்லவர் வாசிப்பினும் கை இவ்வழக்கைத் தீர்க்கமாட்டாது. தீர்ப்பது உரையிலுள்ள எண். குரல் முதலாகத் தாரம் ஈறாக 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு கூறப்பட்டுள்ளது. அவ்வலகுகளை ஒவ்வொரு நரம்பிற்கும் முன்னுள்ள இடைவெளியாகக் கொண்டால் அரிகாம்போதி அமைகின்றது. பின்னுள்ள இடைவெளியாகக் கொண்டால் கல்யாணியின் அமைப்பு வருகின்றது. சங்கராபரணம் இவ்விரண்டினும் வாராது. இது படிக்கும் அறிவால் முடியுங் காரியம். இதனை அரங்கில் வாசித்துக் காட்டிப் பட்டம் வேண்டுவோர் தேர்வாளரை மகிழ்வித்தலன்றி வேறொன்றுஞ் செய்யார்.

அங்ஙனமாயின் கை அறிந்து ஏடு அறியாதது யாதாயினும் உண்டோ? உண்டு. சுருதிக் கணக்கு நின்றுபோகும் இடத்திலேயே அது தொடங்குகின்றது. ஜைராஸ்போய் என்பாரும் ஸ்ரோன் என்பாரும் 1963 இல் வெளியிட்ட ஆய்விலே வட இந்திய வித்துவான்கள் வாசித்த சுரங்களை அளந்து நோக்கினர். ஒருவரே ஓரிராகத்தை வாசிக்கையிலும் சுரத்தின் நிலை ஒருபடித்தாய் நில்லாமை அங்கே புலனாயிற்று. நிலையான எண்களை இசையிற் தேடுவோர்க்கு அது இடர் விளைக்குஞ் செய்தி. நம் கர்நாடக இசையிலோ இது கண்கூடு. கரகரப்பிரியாவின் காந்தாரமும் தோடியின் காந்தாரமும் ஏட்டிற் சாதாரண காந்தாரமே. தோடியின் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்தி வாசிப்பவனைக் குரு அடுத்த கணமே தடுப்பார். என்ன பிழை என்று வினவினால் விடை சொல்லாற் கிடைப்பதரிது. தாமே வாசித்துக் காட்டுவார். அவர் காட்டியதில் அறிவு உண்டு. அவ்வறிவு இன்னும் எழுதப்படவில்லை. செய்முறைவழி ஆராய்ச்சிக்கு உரிய நிலம் இதுவென்பது எம் துணிபு.

அந்நிலத்தில் முதலிற் கால்வைத்தவருள் ஒருவர் புல்லாங்குழல் வித்துவான் தஞ்சாவூர் விசுவநாதன். வீணை தனம்மாளின் பேரர். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி. திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் மாணாக்கர். அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1975 இற் கலாநிதிப் பட்டம் பெற்றபோது எடுத்துக்கொண்ட பொருள் தென்னிந்திய இசையின் இராக ஆலாபனை. அப்பொருளின் தேர்வே பாராட்டற்குரியது. துளைகள் நிலையான இடத்திலமைந்த குழலிலே, விரலைச் சிறிது சிறிதாக நகர்த்தி வாய்ப்பாட்டின் கமகத்தை எழுப்புவோன், ஒரு பிடி எங்கே இராகமாகின்றது, எங்கே வெறுஞ் சுரக்கோவையாக நின்றுவிடுகின்றது என்பதை நாடோறும் தீர்மானிக்கின்றான். அவ்வினா அவனுக்கு நூலகத்திற் கிடைத்ததன்று. பட்ட விதிகளை நோக்கின் விசுவநாதனின் ஆய்வும் எழுத்தாய்வே. எனினும் வினா கையிற் பிறந்தமையால் அதனைச் செய்முறைவழிப்பட்டதென யாம் கொள்கின்றோம். ஐந்து கச்சேரி செய்து, அவற்றோடு யாதுந் தொடர்பில்லாத ஆய்வேடொன்றைச் சேர்த்துக் கட்டுவோர் விதிப்படி செய்முறையாளரேயாயினும், அவர் ஆய்வு அப்பெயர்க்கு உரியதன்று.

அதே பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற மற்றொருவர் பாடகரும் வீணை வல்லுநருமாகிய எஸ். இராமநாதன். சிலப்பதிகாரத்து இசை பற்றிய அவரது ஆய்வை 1979 இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. செம்பாலை அரிகாம்போதியே என்னும் முடிபில் அவர் அடிகளாரோடு ஒன்றுபடுகின்றார். சிலப்பதிகாரப் பாடல்களுக்கு இசையமைத்துப் பாடியும் வந்தார். அப்பாடல்களைக் கேட்போர் இதுவே இளங்கோவடிகள் காலத்து இசை என மயங்குதல் கூடாது; அவை இருபதாம் நூற்றாண்டுப் பாடகரொருவரின் ஆக்கங்கள். ஆயினும் அவை வீணல்ல. வரிப்பாட்டின் சீர் தாளத்தில் எங்கே இயல்பாக அமர்கின்றது, எங்கே இடறுகின்றது என்பது பாடிப் பார்த்தவர்க்கே விளங்கும். இராமநாதனின் பாட்டிலிருந்து பழைய பண்ணை அறிதல் இயலாதாயினும், பாட்டின் நடையை அறிதல் இயலும். இவ்வெல்லையை ஆய்வாளர் தாமே வகுத்துக் காட்டுதல் வேண்டும். கேட்போர் வகுத்துக்கொள்வர் என விடுதல் தகாது.

இன்னொன்றுஞ் சொல்லவேண்டியுள்ளது. விசுவநாதனின் தமையனாரோ தம்பியாரோ எனப் பலர் வினவும் மிருதங்க வித்துவான் இரங்கநாதன் தமையனாரே. அவரிடம் பயின்ற அமெரிக்கரான இராபர்ட் பிரவுண் 1965 இல் மிருதங்கத்தைப் பற்றி ஆய்வெழுதிக் கலாநிதியானார். மாணவர் தம் குருவைப் போற்றியவரே. வெஸ்லியனில் நம்மிசைக்கு இடம் அமைத்தவரும் அவரே. ஆயினும் கையின் அறிவு ஒருவரிடத்தும் பட்டம் மற்றொருவரிடத்தும் சென்று சேர்ந்த அமைப்பு அது. அறிந்தவர் எழுதார், எழுதுபவர் அறியார் என்னும் பழைய நிலைமையிற் பல்கலைக்கழகம் ஒரு பாதியையே மதித்தது. செய்முறைவழிப் பட்டத்தின் நியாயம் இதனை மாற்றுதலில் உள்ளதென்போம்.

நம் நாட்டில் இது மாறுமாயின் முதலில் நன்மை பெறவேண்டியது தவிலும் நாகசுரமும். அளவெட்டித் தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவர் வாசிப்பின் ஒலிப்பதிவுகள் சில எஞ்சியுள்ளன. அவற்றைக் கேட்டு இரசிப்போர் பலர். ஆனால், அவ்வேகத்திலே அச்சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாது தெளிவாய் விழுதற்குக் கோலும் விரற்கூடும் எவ்வாறு பகிர்ந்து உழைத்தன என்பதைத் தவில் தோளிற் சுமந்தவரே வினவமுடியும். தாமே அதனை முயன்று, தவறி, எவ்விடத்துத் தவறினோம் என எழுதவும் அவரே வல்லவர். அத்தகையோர் பலர் கோயில் முகப்பில் வாசிக்கின்றனர். பல்கலைக்கழகத்திற்கு வெளியே நிற்கின்றனர். சங்கீத சபைச் சோதனையிற் கலாவித்தகர் பட்டம் பெற்றோர்க்கே இங்கு வழி குறுகியது. சோதனை எழுதாதவர்க்கு வழியே இல்லை.

தேர்வாளர் யார் என்னும் வினாவும் உண்டு. அரங்கேற்று காதை, ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர்க்கும் வேண்டிய தகுதியைத் தனித்தனியே விரித்துரைத்த பின்னரே மாதவியை அரங்கில் ஏற்றுகின்றது. செய்முறைவழி ஆய்வொன்றைத் தேறும் சபையிலும் நூலறிந்த பேராசிரியர் இருவரோடு, பட்டம் இல்லாதவரேனும் அக்கருவியில் முதிர்ந்த வித்துவான் ஒருவர் முழு வாக்குரிமையோடு அமர்தல் வேண்டும். ஆய்வேட்டைப் படித்தபின் அவர் வினவுவார். மாணவர் அதற்கு வாசித்தே விடையளித்தல் வேண்டும். அவ்விடை ஏட்டிலுள்ள கூற்றோடு மாறுபடுமாயின், பேராசிரியர் ஏட்டைத் திருத்தும்படி திருப்பியனுப்புதல் வேண்டும்.