21 நாள் கணக்கு

தமிழ் சினிமாவில் கதாநாயகனுக்குப் புற்றுநோய் வந்துவிட்டால் மிச்சம் எல்லாம் நமக்கே தெரியும். இருமல், கர்ச்சீப்பில் ரத்தம், காதலியிடம் காரணம் சொல்லாமல் ஒதுங்குதல், கடைசி ரீலில் ஒரு பாட்டு. 1982-ல் மட்டும் 'பயணங்கள் முடிவதில்லை'யில் மோகன், 'வாழ்வே மாய'த்தில் கமல் என்று இரண்டு பேர் இப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு படமும் ஓடு ஓடென்று ஓடின. பாட்டுகளை இன்றைக்கும் முணுமுணுக்கிறேன், அதில் தகராறு இல்லை.

என் தகராறு வேறு. நோய் என்று தெரிவதற்கும் சாவதற்கும் நடுவே இந்தக் கதைகளில் செவ்வாய், புதன் எல்லாம் கிடையாது. கீமோதெரபி என்பது பெரும்பாலும் ஒரு பாட்டிலும் ஒரு டியூபும், அல்லது ஒரு மொட்டைத் தலை. சிகிச்சை கதைக்கு இடைஞ்சல்.

சினிமாதானே என்று விட்டிருப்பேன். என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து, மூன்றாவது கீமோ முடிந்த இரண்டாம் வாரம், எதிர்வீட்டு அம்மா பார்க்க வந்தார். வாசலிலேயே கண் கலங்கிவிட்டது. ''எப்படி இருந்தவங்க!'' என்றார். அக்கா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். ''இப்பவும் இருக்கேனே'' என்றாள். வந்தவர் நல்ல மனுஷி. அவருக்குத் தெரிந்த ஒரே கேன்சர் கடைசி ரீல் கேன்சர்.

நிஜத்தில் இது காலண்டர் வியாதி. அக்காவுக்கு 21 நாளுக்கு ஒரு முறை. முதல் நாள் வாந்திக்கு முன்னெச்சரிக்கை ஊசி, ஸ்டீராய்டு, அப்புறம் டாக்ஸோரூபிசின். ரோஸ்மில்க் எசென்ஸ் கலரில் இருக்கும். (இத்தாலியில் ஒரு பழைய கோட்டைப் பக்கத்து மண்ணில் 1950-களில் கண்டெடுத்த பாக்டீரியாவின் வம்சம் தந்த மருந்து. பெயர் நடுவில் ஒளிந்திருக்கும் 'ரூபி', அந்தச் சிவப்புதான்.) சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீங்க என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். சொல்லாவிட்டால் அன்றைக்கே பாதி உயிர் போய்விடும்.

ஸ்டீராய்டு புண்ணியத்தில் இரண்டாம் நாள் ராத்திரி தூக்கமே வராது. அக்கா இரண்டு மணிக்கு எழுந்து அலமாரி அடுக்குவாள். மூன்றாம் நாள் யாரோ பிளக்கைப் பிடுங்கிய மாதிரி படுத்துவிடுவாள். வேகமாகப் பெருகுகிற செல்களைத் தேடி அடிப்பது இந்த மருந்தின் குணம். கேன்சர் எது, முடியின் வேர் எது, வாயின் உள்தோல் எது, எலும்பு மஜ்ஜை எது என்று அதற்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. அதனால் வாயில் புண். காபி துருப்பிடித்த தகரமாய் ருசிக்கிறது. எவர்சில்வர் ஸ்பூன் போய் பிளாஸ்டிக் ஸ்பூன் வந்தாயிற்று. ஏழாம் நாளிலிருந்து பதினாலு வரை வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்தில். தெர்மாமீட்டர் 100.4-ஐத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்றாவது வாரம் மட்டும் பழைய அக்கா. அந்த ஏழு நாளில் கல்யாணத்துக்குப் போவாள், எலெக்ட்ரிக் பில் பற்றிச் சண்டை போடுவாள்.

சஸ்பென்ஸ் எங்கே என்கிறீர்களா? அடுத்த கீமோவுக்கு முந்தின நாள் ரத்தப் பரிசோதனையில். கவுன்ட் ஏறவில்லை என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். விஷத்தை ஏற்ற மாட்டேன் என்கிறார்களே என்று ஒரு மனுஷி அழுவதை நான் அப்போதுதான் பார்த்தேன். எந்த வசனகர்த்தாவும் இதை எழுதவில்லை.

ஏறக்குறைய எழுதியவர் மார்கரெட் எட்ஸன். ஆஸ்பத்திரியில் புற்றுநோய், எய்ட்ஸ் பிரிவில் கிளார்க்காக வேலை பார்த்தவர். அவருடைய 'விட்' நாடகத்துக்கு 1999-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2001-ல் மைக் நிக்கல்ஸ் டெலிவிஷன் படமாக எடுத்தார், எம்மா தாம்ஸன் நடித்தார். ஜான் டன் கவிதைகளில் கரைகண்ட கறார் புரொபசர் விவியனுக்குச் சினைப்பையில் முற்றிய புற்றுநோய். எட்டு ரவுண்டு கீமோ, முழு டோஸ். எடுத்த எடுப்பிலேயே டாக்டர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். அதற்கப்புறம் படம் முழுக்க அந்த நடு நாட்கள்தான். ஒவ்வொரு அறையிலும் பெயர் கேட்கிறார்கள். வாந்தியை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். ''எப்படி இருக்கீங்க?'' என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சார்ட்டைப் பார்க்கிறார்கள். தன்னைத் தனி அறையில் அடைத்து வைத்திருப்பது நோய் அல்ல, வைத்தியம் என்று கண்டுபிடிக்கிற இடத்தில் விவியனுக்கே சிரிப்பு வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு குச்சி ஐஸ். ராத்திரி பயத்தில் அழுகிற புரொபசருக்கு நர்ஸ் சூஸி அதைக் கொண்டுவந்து தருகிறாள். உடைத்து ஆளுக்குப் பாதி. புண்ணான வாய்க்கு இதம் என்பது மருத்துவக் காரணம். ஆனால் பெரிய பெரிய கவிதைகளைக் கரைத்துக் குடித்தவர் கடைசியில் உறிஞ்சிக்கொண்டிருப்பது ஆரஞ்சு ஐஸ். இதை விளக்காமல் விட்டதில் எட்ஸனின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

குறை இல்லாமல் இல்லை. விவியனைப் பார்க்கக் கடைசிவரை, வயசான ஒரு டீச்சரைத் தவிர, யாரும் வருவதில்லை. தனிமையைக் காட்ட ஆசிரியர் வசதியாக எல்லா உறவையும் வெட்டிவிட்டார். நம் கீமோ வார்டில் கட்டிலுக்கு ஒருத்தர், டிபன் கேரியரோடு உட்கார்ந்திருப்பார். அவர் வாங்கிய கடன், அவர் போட்ட லீவு, வந்து போகிறவர்கள் தருகிற வைத்தியக் குறிப்புகள், இதெல்லாம் தனி நாடகம். சின்ன டாக்டரை இத்தனை மரமாக ஆக்கியிருக்கவும் வேண்டாம். எனக்கு உறுத்துகிற இன்னொன்று, விவியனும் செத்துப்போகிறார். மோகன், கமல் போன அதே வாசல், இங்கிலீஷ் போர்டு. ஆறோ எட்டோ ரவுண்டு முடித்துவிட்டு, குட்டைக் கிராப்போடு ஆபீசுக்குத் திரும்பி, பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிக்கிறவர்களை யார் எழுதுவது? எத்தனையோ பேர் அப்படித் திரும்பியிருக்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் ஸ்ரீதர் 1962-லேயே அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' முழுக்க ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற கதை. புற்றுநோயாளி முத்துராமன் பிழைத்துக்கொள்கிறார். ஆனால் யாராவது சாகாமல் எப்படிப் படத்தை முடிப்பது? டாக்டர் கல்யாண்குமாரைச் சாகடித்துவிட்டார்.

'விட்' படத்தை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். வேண்டாமே என்று மூடப் போனேன். ''இருடா'' என்று உட்கார்ந்துவிட்டாள். ஐஸ் காட்சி முடிகிறவரை பேசவில்லை. அப்புறம், ''இந்தம்மாவுக்கு எத்தனாவது நாளாம்?'' என்று கேட்டாள். படத்தில் அதைச் சொல்லவில்லை என்றேன். ''சொல்லணும்டா, அதானே முக்கியம்'' என்றாள்.

முடிவைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு லேபில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று தூங்கப் போய்விட்டாள்.