மெட்டு மட்டும் போதுமா?

நடவு வயலில் களைப்பாற்றும் சந்தம் 'தன்னானே'. அதையே தம் கலைக்குழுவின் பெயராக்கி, ஊர் ஊராய்ப் பாடிச் சென்றவர் கே. ஏ. குணசேகரன். 1955இல் மாரந்தையில், தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்து, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியராய் உயர்ந்து, 2016இல் மறைந்த அவரை 'நாட்டுப்புறப் பாடகர்' எனும் சிறு சிமிழில் அடைக்கின்றனர் சிலர். ஏன்? சிமிழுக்குள் கிடக்கும் நெருப்பு எவரையும் சுடாதன்றோ!

'மனுசங்கடா' பாடலை இயற்றியவர் இன்குலாப். மக்களோ குணசேகரன் பாட்டென்றே சொல்கின்றனர். பிழைதான், ஆனால், அக்குரலுக்கு வேறு நற்சான்று வேண்டியதில்லை.

அவருடைய தன்வரலாறு 'வடு'. பள்ளிப் பருவத்திலேயே சாதி இட்ட தழும்புகளை ஒப்பாரியின்றி, பேச்சு வழக்கிலேயே சொல்லும் நூல். இளையான்குடி இசுலாமியரிடம் கிடைத்த மதிப்பு, சொந்த மதத்தாரிடம் கிடைக்காததை அதில் படிக்கையில், அவர் குரலின் சீற்றம் எங்கே பிறந்ததென நமக்கு விளங்குகிறது. அரங்கில் கைதட்டுவோர் இதையும் புரட்டினால் நன்று.

மண்ணாடிப்பட்டு வட்டாரத்தில் நாம் காணும் விழாக்களிலும் நாட்டுப்புற மெட்டு ஒலிக்கிறது, பறை அதிர்கிறது, பரிசும் உண்டு. சாதியைத் தட்டிக் கேட்கும் அடிகள் மட்டும் ஒத்திகையிலேயே உதிர்ந்துவிடுகின்றன. தோழர்களே, பறையைச் சுவைத்து, பறை கொட்டியவனின் கேள்வியைத் துப்புவது என்ன கலைச்சுவை?