ஈரம் வந்த வழி

வண்டிக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிக்கும் மெக்கானிக்கின் வேலையை எவ்வளவு நேரமானாலும் நின்று பார்ப்பேன். முன்கண்ணாடி மாற்றிய அல்லது கதவைப் பிரித்து வேலை பார்த்த வண்டியில் கால்வைக்கும் இடம் ஊறிக் கிடக்கும். அவசரக்காரர் உடனே சிலிகானைப் பிதுக்கி அப்புவார். கைதேர்ந்தவர் முதலில் தொட்டு முகர்ந்து பார்ப்பார். பிசுபிசுப்பும் தித்திப்பு வாசனையும் இருந்தால் அது கூலன்ட். ஏசி ஓடினால் மட்டும் நனைகிறதென்றால், டேஷ்போர்டைக் கழற்றி மாட்டியபோது வடிகுழாய் நழுவியிருக்கலாம்.

மழைத் தண்ணீர்தான் ஆளைச் சோதிக்கும். நுழைவது ஓரிடம், தேங்குவது வேறிடம். கார்பெட்டைத் தூக்கி, அடிப்பஞ்சை உலர்த்தி, சந்தேகப்படும் இணைப்புகளில் பவுடர் தூவுவார்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு குனிந்திருக்க, மற்றவர் வெளியே தண்ணீர்க் குழாயைக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்துவார். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எல்லாம் நனையும், ஒன்றும் பிடிபடாது. “அண்ணே, நிறுத்துங்க!” என்று உள்ளிருந்து குரல் வரும்போது, பவுடரில் நூல்போல ஒரு கோடு இறங்கியிருக்கும்.

காரணம் பெரும்பாலும் சின்னதுதான். உதாரணத்துக்கு, கதவுக் கண்ணாடியின் ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அடியிலுள்ள துளைகள் வழியே அது வெளியேறிவிடும். அதை வண்டிக்குள் விடாமல் தடுப்பது கதவு அட்டைக்குப் பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாட்டியவர் அதைச் சரியாகத் திரும்ப ஒட்டியிருக்க மாட்டார். பியூட்டைல் டேப் போட்டு ஒட்டியதும் மறுபடி தண்ணீர் அடிப்பார்கள். பவுடர் கலையாமல் இருந்தால்தான் கார்பெட் உள்ளே போகும்.