கறுப்புத் துணி, வெள்ளைத் துணி: நற்செய்தி மேஜிக்கை வாசித்தல்

மேஜிக் காட்டுகிறவன் பொய்யன் அல்ல. 'வித்தை காட்டப்போறேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கண்ணைக் கட்டுகிறான். பார்க்கிறவனும் தெரிந்தேதான் கட்டிக்கொள்கிறான். மோடி வித்தைக்காரனுக்கும் அவனைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கும் நடுவில் இப்படி ஓர் எழுதப்படாத ஒப்பந்தம் இருக்கிறது. இந்த ஒப்பந்தத்துக்குள் மூன்றாம் ஆளாகக் கடவுள் கொண்டுவந்து நிறுத்தப்படும்போது, அதிலும் எதிரே உட்கார்ந்திருப்பவை எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளாக இருக்கும்போது, என்ன நடக்கிறது என்பதே இங்கு என் கேள்வி.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் கோடையில் சபைகள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் பாட்டு, பொம்மை, மனப்பாட வசனம் ஆகியவற்றோடு மேஜிக்கும் ஒரு பாடமுறையாக வருகிறது. நான் பார்த்தவரை அதிகமாகக் காட்டப்படும் உருப்படிகள் இரண்டு. முதலாவது, கறுப்புக் கைக்குட்டை. 'இதுதான் நம்ம இருதயம்' என்று காட்டி ஒரு குழாய்க்குள் திணிக்கிறார் மேடையில் நிற்கும் அண்ணன். பின்னாலேயே சிவப்புத் துணி. அது இயேசுவின் இரத்தம். மறுபக்கம் இழுத்தால் வெள்ளைத் துணி வருகிறது. 'ஹே!' என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். இரண்டாவது, மூன்று கயிறு. நெட்டைக் கயிறு பெரிய பாவம், நடுக்கயிறு நடுத்தரப் பாவம், குட்டைக் கயிறு சின்னப் பாவம். கையில் சுருட்டி இழுத்தால் மூன்றும் ஒரே நீளம். கடவுள் முன்னால் எல்லாப் பாவமும் ஒரே அளவு என்பது பாடம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1866இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் எழுத்தே இல்லாத ஒரு புத்தகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பக்கம் மட்டுமே கொண்ட புத்தகம். 1875இல் அமெரிக்கரான மூடி அதில் பரலோகத்துக்காகப் பொன்னிறப் பக்கம் ஒன்றைச் சேர்த்தார். திருநெல்வேலிச் சீமையில் வேலை செய்த ஏமி கார்மைக்கேல் இதே நிறங்களில் கொடி தைத்து மாட்டுவண்டியில் கட்டிக்கொண்டு போனார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில் கிறிஸ்தவ மேஜிக்காரர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. கைக்குட்டை இந்த வழியாக நம்மிடம் வந்தது. வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை. நம் மேடைகளில் வெளியிலிருந்து வராதது எது? வந்த இடத்தில் அது என்ன அர்த்தம் தருகிறது என்று வாசிப்பதுதான் விமர்சகனின் வேலை.

முதலில் நிறத்தை வாசிப்போம். கறுப்பு பாவம், வெள்ளை சுத்தம் என்ற குறியீட்டைக் கறுத்த பிள்ளைகளின் முன்னால், அதுவும் கறுப்பு என்பது சாதியின் வசைச் சொல்லாகவும் புழங்கும் ஊர்களில், சிரித்த முகத்தோடு காட்டுகிறோம். அந்த அண்ணனும் கறுப்புதான். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறியீடுகள் எண்ணத்தைக் கேட்டு வேலை செய்வதில்லை.

இதே இரண்டு நிறங்கள் இந்த மண்ணில் வேறொரு துணியிலும் உண்டு. திராவிடர் கழகக் கொடியில் கறுப்புத் தளத்தின் நடுவில் சிவப்பு வட்டம். அங்கே கறுப்பு, மக்கள் மேல் சுமத்தப்பட்ட இழிநிலையைக் குறிக்கிறது. சிவப்பு, அதைப் போக்கும் முயற்சியைக் குறிக்கிறது. கைக்குட்டையில் கறுப்பு உனக்குள் இருக்கிறது. கொடியில் கறுப்பு உன் மேல் போடப்பட்டது. முதலாவது உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறது, இரண்டாவது உன்னைக் கேள்வி கேட்கச் சொல்கிறது. இரண்டும் வேண்டும் என்று ஒரு கிறிஸ்தவர் வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் குழாய்க்குள் இரண்டாவது கறுப்புக்கு இடமே இல்லை.

கயிறு இதைவிடச் சங்கடமானது. எல்லாப் பாவமும் ஒரே நீளமா? தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையின் நீரும் நிலமும் கெட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்தது நம் வட்டாரத்துத் தண்ணீரால்தான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சுவரை அப்படி விட்டவனின் பாவமும், பக்கத்துப் பெஞ்சுக்காரனின் பென்சிலை எடுத்த பையனின் பாவமும் ஒரே நீளம் என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கயிறு பிடித்துக் காட்டுகிறோம். எவ்வளவு வசதியான இறையியல், யாருக்கு வசதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மேஜிக்கில் மறைக்கப்படுவது ரகசியம் என்று நினைக்கிறோம். உண்மையில் மறைக்கப்படுவது உழைப்பு. கண்ணாடி முன் மாதக்கணக்கில் விரலைப் பழக்கிய உழைப்பு, குழாயைத் தயார்செய்த உழைப்பு. அது மறையும்போதுதான் மாற்றம் 'தானாக' நடந்ததுபோலத் தெரிகிறது. பண்டத்தைப் பற்றி மார்க்ஸ் சொன்னதும் இதுதானே. உப்புத் தோலாக வந்து இறங்குவதை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிர் கழித்து, சதை சீவி, ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும், இப்போது பெரும்பாலும் குரோமாலும் பதப்படுத்தி, நீலம் பாய்ந்த தோலை மறுபடி சாயமேற்றி, காய்ச்சி எடுத்த பிறகு அது பளபளக்கும் ஷூவாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காருகிறது. வாங்குகிறவன் கண்ணுக்குத் தொட்டியும் தெரியாது, தொட்டிக்குள் இறங்கியவனின் காலும் தெரியாது. டேனரித் தொழிலாளியின் பிள்ளைக்கு ஒரு பொருள் மாறுவதற்கு எத்தனை கை வேண்டும் என்று வீட்டிலேயே தெரியும். அந்தப் பிள்ளையிடம் 'பார், ஒரே நொடியில் வெளுத்துடுச்சு' என்கிறோம். வீட்டில் கற்ற அறிவை மேடையில் மறக்கடிக்கிறோம்.

பகுத்தறிவாளர்கள் இந்த மறைப்பை உடைத்தார்கள். கேரளத்தில் ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், போத்தனூர் பிரேமானந்த், திராவிடர் கழகத்தின் 'மந்திரமா? தந்திரமா?' நிகழ்ச்சிகள் ஆகிய எல்லாமே வித்தையைக் காட்டிவிட்டு அதன் சூட்சுமத்தையும் சொல்லிவிடுவார்கள். விபூதி எங்கிருந்து வந்தது, நாக்கில் சூடம் ஏன் சுடவில்லை என்று கூட்டமே தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகும். இது பெரிய கல்வி. ஆனால் சூட்சுமம் தெரிந்தால் நம்பிக்கை தானாக விழுந்துவிடும் என்று அவர்கள் நினைத்த இடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. லெவி ஸ்ட்ராஸ் ஒரு கட்டுரையில் கெசாலிட் என்ற பூர்வகுடிப் பூசாரியின் கதையைப் பேசுகிறார். பூசாரிகளின் மோசடியை அம்பலப்படுத்தத் தொழில் கற்கப்போன ஆள், தந்திரத்தை முழுக்கத் தெரிந்துகொண்ட பிறகும், நோயாளிகள் குணமாவதைப் பார்த்துப் பூசாரியாகவே நீடித்தார். தந்திரம் வேறு, அதன்மேல் கூட்டம் வைக்கும் பொருள் வேறு.

விவிலியத்துக்கு உள்ளேயே மேஜிக்கைப் பற்றி நிம்மதி இல்லை. ஆரோனின் கோல் பாம்பானால் பார்வோனின் மந்திரவாதிகளின் கோல்களும் பாம்பாகின்றன. கொஞ்ச நேரத்துக்கு யாருடையது அற்புதம், யாருடையது வித்தை என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. அப்போஸ்தலர் நடபடிகளில் சீமோன் என்ற மாயவித்தைக்காரன் அந்த வல்லமையைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்துத் திட்டு வாங்குகிறான். பரிசேயர்கள் அடையாளம் காட்டச் சொல்லிக் கேட்டபோது மாற்கு சுவிசேஷத்து இயேசு முடியாது என்று மறுத்துப் படகேறிப் போய்விடுகிறார். வியப்பைக் கொண்டு விசுவாசத்தை வாங்க வேண்டாம் என்ற குரல் அந்தப் பிரதிக்குள்ளேயே கேட்கிறது.

கத்தோலிக்க மரபில் மேஜிக்கும் மறைக்கல்வியும் சேர்ந்த பெயர் தொன் போஸ்கோ. 1815இல் இத்தாலியில் ஏழைக் குடியானவன் மகனாகப் பிறந்தவர். சந்தைக் கழைக்கூத்தாடிகளிடம் பார்த்துப் பார்த்துக் கற்ற வித்தைகளை ஊர்ப் பையன்களுக்குக் காட்டி, கட்டணமாக ஜெபமாலை சொல்லவைத்தார். மோடி மஸ்தான் கடைசியில் தாயத்து விற்பதுபோலத்தானே என்று கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், கட்டமைப்பு அதேதான். ஆனால் அவர் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. மாணவனாக இருந்தபோது, இவன் பில்லிசூனியக்காரன் என்று சந்தேகம் கிளம்பி, பூர்சியோ என்ற மூத்த குரு விசாரிக்கிறார். பேச்சின் நடுவே குருவின் கடிகாரமும் பணப்பையும் காணாமல் போகின்றன. குரு திகைக்கிறார். போஸ்கோ உடனே, நீங்கள் அவற்றை வைத்த இடத்திலிருந்து இப்படி எடுத்தேன், இங்கே ஒளித்தேன் என்று படிப்படியாக விளக்குகிறார். குரு சிரித்துவிடுகிறார். விசாரணை முடிந்தது.

போஸ்கோவின் சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். 1951இல், வாணியம்பாடிக்கு அருகே, இன்று மாவட்டத் தலைநகராக இருக்கும் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஆக இந்த மரபு நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. போஸ்கோவிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதே பிரச்சினை. ஜெபமாலையைக் கட்டணமாகக் கேட்ட போஸ்கோவையா, கையை விரித்துக் காட்டிய போஸ்கோவையா?

இதை எழுதும்போது என் தோளுக்கு மேல் எட்டிப்பார்க்கும் இன்னொரு வாசகனையும் நான் அறிவேன். 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. வற்புறுத்தல், ஆசைகாட்டல், மோசடி என்பவை அதன் சொற்கள். 2004 தேர்தலுக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. வேறு மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் இன்றும் இருக்கின்றன. 'பாத்தீங்களா, அவங்க ஆளே மோசடின்னு எழுதிட்டான்' என்று இக்கட்டுரையை மடித்து எடுத்துப்போக யாரும் வர வேண்டாம். கைக்குட்டை மோசடி அல்ல. தெரிந்தே காட்டப்படும் வித்தை அது. கல் யானைக்குக் கரும்பு ஊட்டிய சித்தரின் திருவிளையாடலைப் பக்தியோடு கேட்பவர்களுக்கு, குழாய்க்குள் துணி மாறுவதைக் குற்றமாக்க எந்த உரிமையும் கிடையாது. என் சண்டை போலீசிடம் முடியவேண்டிய சண்டை அல்ல. சபைக்குள்ளும் இயக்கத்துக்குள்ளும் நடக்கவேண்டிய சண்டை.

எனவே ஒரு யோசனை. மேஜிக் காட்டுங்கள். காட்டி முடித்ததும் குழாயைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வெள்ளைத் துணி முதலிலிருந்தே உள்ளேதான் இருந்தது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கறுப்புத் துணி எங்கும் போகவில்லை, உள்ளேயே ஒளிந்திருக்கிறது என்பதையும் பார்க்கட்டும். அதற்குப் பிறகு இருதயத்தைப் பற்றிப் பேசுங்கள். ஆற்றைப் பற்றியும் பேசுங்கள். சூட்சுமம் தெரிந்த பிள்ளையின் முன்னால் நிற்க முடியாத விசுவாசம் என்றால், அது கைக்குட்டை சைஸ் விசுவாசம்தான். நிற்க முடியுமென்றால் குழாயை ஏன் மறைக்கிறீர்கள்?