புட்டி: அமைப்புகளும் ஓர் ஊர்ப்பெயரும்

தென்பெண்ணையாற்றங்கரையில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பலருக்கும் அறிமுகமான ஊர் மூங்கில்துறைப்பட்டு. அவ்வூர் மாணவர் ஒருவர் விடுமுறையில் வீட்டிலிருந்தபடியே சென்னையிலுள்ள கணிப்பொறி ஒன்றை இயக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையும் விசைப்பலகையும் மட்டுமே அவர் மேசையில் இருக்கும். கணக்கிடும் வேலை சென்னையில் நடக்கும். இவ்வாறு தொலைவிலிருந்து இணைக்கும் நிரல்களில் பெயர் பெற்றது 'புட்டி'. (நம் வீட்டு மருந்துப் புட்டிக்கும் இதற்கும் உறவில்லை.) இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் டாத்தம் எழுதி 1999-இல் வெளியிட்ட இது அளவில் சிறியது, விலையும் இல்லை. இவ்வளவு நல்ல நிரலில் குறை காண்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். குறை, அதன் அமைப்புகளில் இருக்கிறது.

புட்டியைத் திறந்ததும் பல பிரிவுகள் கொண்ட பட்டியல் ஒன்று தோன்றும். எழுத்தின் அளவு, நிறம், திரையின் அகலம் என எதையும் மாற்றலாம். மாற்றிவிட்டு இணைப்பைத் திறந்தால் எல்லாம் விரும்பியபடியே அமையும். மறுநாள் திறந்து பாருங்கள், ஒன்றும் இராது! மாற்றம் செய்த இடத்தில் சேமிக்கும் பொத்தான் இல்லை என்பதே காரணம். பட்டியலின் உச்சியிலுள்ள முதல் பிரிவுக்குத் திரும்பி, ஒரு பெயரிட்டுச் சேமிக்க வேண்டும். அப்படிச் சேமித்தவையும் அந்தக் கணிப்பொறியின் விண்டோஸ் பதிவேட்டிற்குள் போய் அமர்ந்துகொள்கின்றன. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இன்று ஒரு கணிப்பொறி, நாளை வேறொன்று என்று அமரும் மாணவருக்கு இதனால் என்ன பயன்?

இணைப்பு அறுந்துபோகும் தொல்லைக்கும் ஓர் அமைப்பு உண்டு. குறிப்பிட்ட வினாடிகளுக்கு ஒருமுறை வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்பி இணைப்பை விழிப்பில் வைக்கலாம். இயல்பாக அந்த இடத்தில் 0 என்றிருக்கும், அதாவது, அனுப்புவதில்லை. 60 என்று இடலாம். ஆனால் அலைபேசி அலைவரிசை விட்டுவிட்டு வரும் இடங்களில் இதுவே எதிராகவும் முடியும். சும்மா விட்டிருந்தால் பிழைத்திருக்கும் இணைப்பு, செய்தி போய்ச் சேராததால் முறிந்துவிடும்.

இனித் தமிழுக்கு வருவோம். 'மூங்கில்துறைப்பட்டு' என்பதில் நாம் எண்ணுவது 10 எழுத்துகள். யூனிகோடு முறையில் அவை 19 குறியீடுகள். யூடிஎஃப்-8 வடிவில் 57 பைட்டுகள். பழைய பதிப்புகளில் இயல்பான எழுத்துமுறை யூடிஎஃப்-8 அன்று. அவற்றில் ஒவ்வொரு பைட்டும் தனித்தனி லத்தீன் எழுத்தாகக் கொள்ளப்பட்டு, கோடிட்ட லத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறிமாறித் திரையை நிரப்பும். இப்போதைய பதிப்புகளில் இந்தத் தொல்லை இல்லை.

ஆயினும் உண்மையான சிக்கல் தீர்ந்தபாடில்லை. 1978-இல் அமெரிக்காவின் டிஇசி நிறுவனம் வெளியிட்ட விடி100 என்னும் முனையம் திரையை 80 பத்தி, 24 வரி கொண்ட கட்டங்களாகப் பிரித்தது. புட்டியின் திரையும் இயல்பில் அதே அளவுதான். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது ஆங்கிலத்துக்குப் பொருந்தும். நம் 'றை'யிலோ, ஐகாரக் குறி பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் தோன்ற வேண்டும். 'மூ', 'து' ஆகியவற்றில் மெய்யும் குறியும் ஒட்டி ஒரே உருவமாக வேண்டும். தனித்தனிக் கட்டங்களில் இட்டால் இவை எப்படி ஒட்டும்?

அரபு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் வசதி புட்டியில் இருக்கிறது. வேண்டாதவர் அதை நிறுத்திவைக்கத் தனி அமைப்பும் உண்டு. தமிழுக்கு அப்படியொரு வசதியே இல்லாதபோது எந்த அமைப்பை மாற்றுவது? ஆசிரியர் தம் நேரத்தைச் செலவிட்டு இலவசமாகத் தருவதை நாம் பழிப்பதற்கில்லை. மூலநிரலும் எவரும் திருத்தலாம் என்று திறந்தே கிடக்கிறது. கணிப்பொறித் தமிழுக்குக் கூட்டம் போடும் நம்மவர் இந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை என்பதே என் மனத்தாங்கல்.

திரையில் எழுத்து சிதைந்தாலும் கோப்பிலுள்ள தமிழ் சிதைவதில்லை. புட்டியுடன் வரும் பிஎஸ்சிபி என்ற துணைநிரலால் கோப்பை உங்கள் கணிப்பொறிக்கு இறக்கி, நோட்பேடில் திறந்து பாருங்கள். ஊர்ப்பெயர் பத்து எழுத்தும் குறையாமல் வரும்.