தொகையும் அளவும்
‘சக்தி’ குழுவின் மூன்று இசைத்தட்டுக்கள்

செய்யுள் இயற்றல் ஒரு தொழில். இயற்றியவற்றைத் தொகுத்தல் பிறிதொரு தொழில். சங்கச் செய்யுட்களைத் தொகுத்த சான்றோர் அடியளவை வரம்பாகக் கொண்டனர். 4 முதல் 8 அடி வரையுள்ளவை குறுந்தொகையாயின. 9 முதல் 12 வரையுள்ளவை நற்றிணையாயின. 13 முதல் 31 வரையுள்ளவை நெடுந்தொகை எனப்படும் அகநானூறாயின. நீள்இசைத்தட்டுக்கும் இத்தகைய வரம்பு உண்டு. அதன் ஒரு பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடங்களையே எளிதிற் கொள்ளும். அவ்வரம்பினுள் மனோதர்ம இசை படும் பாடு யாது? யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவர் பங்குகொண்ட ‘சக்தி’ குழுவின் தட்டுக்கள் இவ்வினாவுக்கு விடை தருவன.

அக்குழுவுக்கு முன்னோடி ‘மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா’ ஆகும். ஆங்கிலேயரான ஜோன் மக்லொக்லின் 1971இல் நிறுவிய அது, வாய்ப்பாட்டின்றி மின்கிற்றார், வயலின் முதலியவற்றால் ரொக் இசை முழக்கியது. 1973 யூன் மாதத்தில் இலண்டன் திரைடென்ற் ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்றாம் தட்டுக்கென இசை பதிவாயிற்று. உறுப்பினரிடை எழுந்த பிணக்கால் அது வெளிவரவில்லை. அதற்கு ஈடாக, ஓகஸ்ற் மாதத்தில் நியூயோர்க் சென்றல் பூங்காவில் வாசித்த கச்சேரியே தட்டாயிற்று. கிடப்பிற் கிடந்த பதிவு 1999இலேயே வெளிவந்தது. தட்டு என்பது கருதியவாறு மட்டுமன்றி நேர்ந்தவாறும் அமையும் என்பதற்கு இஃதொரு சான்று.

பின்னர் மக்லொக்லின் மின்னொலியை விடுத்தார். அமெரிக்க வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். ஆங்கு வயலின் கலைஞர் எல். சங்கரின் நட்பையும் பெற்றார். சங்கரின் தந்தையார் வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். தபேலா வாசித்த சாகிர் உசேனும், கடம் வாசித்த தி. எச். விநாயக்ராமும் இவர்களுடன் இணைந்தனர். கமகம் பிடிப்பதற்காக மக்லொக்லினின் கிற்றார்த் தண்டு மெட்டுக்களிடையே குடையப்பட்டது.

முதல் தட்டு 1975 யூலை 5ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்துச் சவுத்ஹாம்ப்ரன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரி. அதிலுள்ள உருப்படிகள் மூன்றே. முதற்பக்கத்தில் ‘ஜோய்’ பதினெட்டு நிமிடம் ஓட, அடுத்துச் சிறியதொரு மெட்டு வருகின்றது. மறுபக்கம் முழுவதையும் ஏறக்குறைய இருபத்தொன்பது நிமிடம் நீளும் ஒரே உருப்படி நிறைக்கின்றது. இது நெடுந்தொகை. வயலின் விட்ட இடத்தைக் கிற்றார் எடுப்பதும், தாளவாத்தியங்கள் ஒன்றையொன்று வினாவுவதும் தத்தமக்கு வேண்டிய காலத்தைப் பெறுகின்றன.

இரண்டாவது தட்டு 1976இல் அதே திரைடென்ற் கூடத்தில் ஆறு உருப்படிகளாக உருவாயிற்று. கொன்னக்கோலுடன் தொடங்கும் சிற்றுருப்படியும், பதினைந்து நிமிடம் நீளும் ‘ஐசிஸ்’ என்பதும் ஒருங்கே அமைகின்றன. நெடியதும் குறியதும் நிழலும் வெயிலும் போல ஒன்றையொன்று விளக்குவதால், தொகுப்பு என்ற வகையில் இதுவே சிறந்தது.

1977இல் ஜெனீவாவிற் பதிவான மூன்றாவதில் எட்டு உருப்படிகள் உள. மிக நெடியதும் ஏழு நிமிடத்தை ஒட்டியதே. குறுமை குற்றமன்று, குறுந்தொகை அகநானூற்றினும் தாழ்ந்ததென எவரும் கூறார். ஆயின், குறுந்தொகைப் புலவன் அவ்வளவிலேயே கருத்தை முற்றுவித்தான். மூன்றாந் தட்டிலோ, மெட்டாக இயற்றப்பட்டவை முற்றுகின்றன. கற்பனையாக விரியத் தொடங்குபவை வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. நுட்பம் குறையவில்லை, காலமே குறைந்தது.

தீவகத்தார்க்கு இவ்வுண்மை புதிதன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவில் நாதசுரமும் தவிலும் முழங்கும் இரவிற் கடிகாரம் அளவுகோலாவதில்லை; வித்துவானின் உள்ளமும் கேட்போர் தலையசைப்புமே அளவுகோல். ஆயின், விடிந்தபின் அவ்விசை காற்றோடு போயிற்று. பதிந்து வைப்பார் இன்மையால் மறைந்த மேளங்கள் எத்தனையோ! அளவுக்கு அடங்கிய தட்டு இசையிற் சிலவற்றை இழக்கின்றது. அடங்காத இசையோ தானே இழக்கப்படுகின்றது. இவ்விரண்டனுள் இழப்புக் குறைந்த வழியைச் ‘சக்தி’யின் முதல் தட்டு காட்டுகின்றது: இசைக்கேற்பத் தட்டை வளைத்தல் வேண்டும், தட்டுக்கேற்ப இசையை அறுத்தல் கூடாது. எம்மவர் கலையைப் பதிந்து பேண முயல்வோர்க்கும் இதுவே நெறி.